துண்டு கிழிந்ததா?

2023 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28 ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு நெடுநடைப் பயணம், மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை ஆகிய ஊர்களைக் கடந்து, ஆகஸ்டு 12 ஆம் நாள் மாத்தளை நகரை அடைந்தது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறாண்டு நிறைவெய்தியதை நினைவுகூரும் பொருட்டு, அவர்தம் முன்னோர் காடும் மேடும் கடந்து வந்த வழியையே மீண்டும் நடந்து காட்டிய பயணம் அது. காணியுரிமையும் வாழ்வதற்குப் போதிய வேதனமும் அப்பயணத்தாரின் கோரிக்கைகளுள் அடங்கின. அன்று வீதியோரத்தே நின்றவர்களுள் யானும் ஒருவன்.

என் அருகே இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த முதியவர் ஒருவர் நின்றார். நடந்து வந்தோரை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு அவர் சொன்னார்: “வாத்தியாரையா, நடந்து வரும்போது எங்கள் ஆட்களிடம் யாரும் துண்டு கேட்கவில்லையாம். தோட்டத்தை விட்டுப் போக நினைத்தபோதுதான் கேட்டார்களாம். எங்கள் அப்பாயி சொல்லும்.”

மறுபுறத்தே நின்றவள் என் பழைய மாணவி. அவளும் ஒரு தோட்டத்திலே பிறந்தவள். கொழுந்து பறித்த தாயின் உழைப்பாற் படித்து, அந்நாளிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் பயின்றுகொண்டிருந்தாள். “துண்டு என்றால் என்ன, ஐயா?” என்று அவள் கேட்டாள். முடியுடை மூவேந்தரின் வரலாற்றையெல்லாம் அவளுக்குக் கற்பித்த யான், அவள் பிறந்த மண்ணின் சொல்லொன்றைக் கற்பியாது விட்டேனே என நாணினேன். துண்டின் கதையை அன்று அவளுக்குச் சொன்னேன். கேட்டு முடித்ததும், தான் கற்ற புதிய ஆராய்ச்சிகள் சிலவற்றை அவள் எனக்குச் சொன்னாள். மாணவி ஆசிரியையாகவும் ஆசிரியன் மாணவனாகவும் மாறிய அந்த உரையாடலின் சாரத்தை இங்கே வாசகர்க்குத் தருகிறேன்.

துண்டின் கதை

துண்டு என்பது நாம் நாளும் வழங்கும் எளிய தமிழ்ச்சொல். துணிக்கப்பட்டது துண்டு. இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றில் அச்சொல் ஒரு சிறு காகிதத்துக்குப் பெயராகி, ஆங்கிலேயர் எழுதிய அறிக்கைகளிலும் மொழிபெயர்க்கப்படாமலே இடம்பெற்றது.

கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே பேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் பலர். கண்டிக்கு 1867 இலும் மாத்தளைக்கு 1880 இலும் புகையிரதம் வந்தது. அதற்கு முன் வந்தவர்க்கெல்லாம் மாத்தளையே மலைநாட்டின் வாயில். அந்த வாயிலை அடையும் முன்னரே அவர்கள் கடனாளிகளாயினர். ஊரிலே கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்சோறு, கப்பற்கூலி ஆகிய அனைத்தும் அவர்கள் பெயரிற் கணக்காயின. ஒரு நாள் உழைக்குமுன்னரே பல மாத உழைப்பு ஈடாகிவிட்டது.

இக்கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக இயலாது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கியவன் சிறைக்கும் போகலாம். போக விரும்பும் கங்காணிக்கும் அவனது ஆட்களுக்கும் தோட்டத்துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கச் சித்தமாயிருக்கிறேன் என்பது அதிற் கண்ட செய்தி. புதிய துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறுவார். கடன் பழைய தோட்டத்திலிருந்து புதிய தோட்டத்துக்கு இடம்பெயரும், தீராது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தோட்டங்களுக்குள் ஆட்களைப் பெறுவதிற் கடும்போட்டி நிலவியது. போட்டி மிகுந்தாற் கூலி உயர வேண்டும் அன்றோ? உயர்ந்தது துண்டின் தொகை. புதிய துரை கூடுதலாகக் கொடுத்த முன்பணத்திற் பெரும்பங்கு கங்காணியின் மடியிற் சேர்ந்தது. அதன் சுமை தொழிலாளியின் தலையில் ஏறியது. உழைப்பவனுக்காக நடந்த போட்டியின் பயன் அவன் கைக்குக் கூலியாய் வராமல், அவன் பெயரிற் கடனாய் வந்து சேர்ந்தது. கடன்தொகை வரம்பின்றி வளர்வதைக் கண்டு துரைமாரே அஞ்சலாயினர். ஈற்றில் 1921 ஆம் ஆண்டிற் சட்டத்தினாலே துண்டு ஒழிக்கப்பட்டது.

கொள்வோன் ஒருவன்

கதையைக் கேட்ட மாணவி, “ஐயா, இதற்குப் பொருளியலில் ஒரு பெயர் உண்டு” என்றாள். அந்தப் பெயரின் பிறப்பு என்போன்ற மொழியாசிரியர்க்கு மகிழ்ச்சி தருவது. கேம்பிரிட்ஜிலே பொருளியல் கற்பித்த ஜோன் ராபின்சன் அம்மையார் 1933 ஆம் ஆண்டில் நிறைவற்ற போட்டியைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். விற்பவன் ஒருவனே உள்ள சந்தைக்குப் பெயர் முன்பே இருந்தது. வாங்குபவன் ஒருவனே உள்ள சந்தைக்குப் பெயர் இல்லை. அவர் ஹால்வர்ட் என்னும் செம்மொழிப் புலவரை நாட, அப்புலவர் கிரேக்கத்திலே ‘தனி’ என்னும் சொல்லையும், ‘உணவுப்பண்டம் வாங்குதல்’ என்னும் சொல்லையும் இணைத்து ‘மொனொப்சொனி’ என்று பெயரிட்டார். தமிழில் அதனைக் ‘கொள்வோன் தனியுரிமை’ எனலாம்.

இக்கருத்தின் பயனை உணரப் பழைய கொள்கையை முதலில் அறிதல் வேண்டும். கத்தரிக்காய் விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். அதுபோலவே கூலி ஏறினால் வேலை குறையும் என்பர் பலர். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் பத்திரிகைகளில் இவ்வாதம் வெளிவருகிறது. கொள்வோர் பலரும் விற்போர் பலருமாய், எவரும் எவரையும் விட்டு விலகக் கூடிய சந்தையில் இவ்வாதம் பொருந்தும்.

கொள்வோன் ஒருவனே ஆயின் யாது நிகழும்? ஒரு கணக்கைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தில் நூறு பேர், நாளொன்றுக்கு நூறு ரூபாய்ச் சம்பளத்தில் வேலை செய்கின்றனர். இன்னும் ஓர் ஆள் தேவை. அவர் 105 ரூபாய் தந்தால் மாத்திரமே வருவேன் என்கிறார். அவருக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால் மற்றவர் பொறுப்பரோ? எல்லோர்க்கும் ஐந்து ரூபாய் கூட்ட வேண்டும். ஆகவே அந்த ஓராளுக்கான செலவு 105 அன்று. அவருக்கு 105, ஏனையோர்க்கு 500, ஆக 605 ரூபாய். முதலாளி அந்த ஆள் வேண்டாம் என்று விட்டுவிடுவார். கூலியும் குறைவு, வேலையாட்களும் குறைவு. இப்போது, எல்லோர்க்கும் 105 ரூபாய் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் வருகிறது. இனி அந்த நூற்றோராவது ஆளுக்கு ஆகும் மேலதிகச் செலவு 105 மட்டுமே. அவரை மறுக்கக் காரணம் இல்லை. கூலி உயர்ந்தது, வேலையும் கூடியது.

இக்கணக்கு இன்னொன்றையும் விளக்குகிறது. ஆட்பற்றாக்குறை என்று பல்லாண்டுகளாக முறையிடும் ஒருவர், ஆட்கள் வரத்தக்க அளவுக்குச் சம்பளத்தை ஏன் உயர்த்துவதில்லை என்று நாம் வியப்பதுண்டு. பழைய சம்பளத்திலே இன்னும் ஆள் வேண்டும், ஆனாற் சம்பளத்தை உயர்த்த மனம் இல்லை என்பது கொள்வோன் தனியுரிமையின் இயல்பான குரல்.

எண்ணிப் பார்த்தோர்

ராபின்சன் அம்மையாரின் கருத்து நெடுங்காலம் ஏட்டிலேயே இருந்தது. அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் அதனை வீதியிலும் வயலிலும் சோதித்துப் பார்த்தனர். மாணவி எனக்கு விளக்கியவற்றுள் மூன்றை இங்கே கூறுகிறேன்.

முதலாவது அமெரிக்காவில் நிகழ்ந்தது. நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1 ஆம் நாள் குறைந்தபட்ச வேதனத்தை மணித்தியாலத்துக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியது. அயல் மாநிலமாகிய பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, அலன் குருகர் ஆகிய இருவரும் இரு மாநிலங்களிலும் 410 விரைவுணவுக் கடைகளை, உயர்வுக்கு முன்னும் பின்னுமாக வினவி, வேலையாட்களின் தொகையை ஒப்பிட்டனர். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 1994 இல் வெளியான இவ்வாய்வு பெரும் வாதத்தை எழுப்பிற்று. நியூமார்க், வாஷர் என்போர் வேறு தரவுகளைக் கொண்டு 2000 ஆம் ஆண்டில் இம்முடிவை மறுத்தெழுத, முன்னவர் அதே ஆண்டில் விடையிறுத்தனர். குருகர் 2019 இற் காலமானார். பொருளியல் நோபல் பரிசின் ஒரு பாதி 2021 இல் கார்டுக்கு வழங்கப்பட்டது.

இரண்டாவது நம் மக்களை நெருங்கியது. வளைகுடா நாடுகளிலே வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவன், தன்னை வரவழைத்த முதலாளியின் ஆட்சேபமின்மைக் கடிதம் இன்றி வேறிடத்துக்கு மாற இயலாதிருந்தது. ஐக்கிய அரபு இராச்சியம் 2011 ஜனவரி முதல் அவ்விதியைத் தளர்த்தி, ஒப்பந்தம் முடிந்தவன் அக்கடிதம் இன்றியே வேறு முதலாளியிடம் செல்லலாம் என்றது. இதன் விளைவைச் சுரேஷ் நாயுடு, யோ நியார்க்கோ, ஷிங்-யீ வாங் ஆகியோர் ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டனர். ஏற்கெனவே அங்கிருந்த தொழிலாளரின் வருவாய் உயர்ந்தது. முதலாளியை மாற்றியோர் தொகை கூடியது. அவ்வாறிருந்தும், பழைய முதலாளியிடமே தங்கியோர் தொகையும் கூடியது. முன்பு மாற வழியின்றி நாடு திரும்பியவர், இப்போது மேலான சம்பளம் பெற்று நின்றுவிட்டனர்! போகலாம் என்னும் உரிமை, போகாதவனுக்கும் பயன் தந்தது.

இதைக் கேட்டபோது யான் சற்றுநேரம் பேசாதிருந்தேன். ஆட்சேபமின்மைக் கடிதம் என்பது வேறென்ன? துண்டுதான். பாட்டி மாத்தளையிற் கேட்டதையே பேர்த்தி பாலைவனத்திற் கேட்டிருக்கிறாள். நம் தோட்டப் பெண்கள் பலர் பணிப்பெண்களாய்ச் செல்லும் வீட்டுவேலையோ அந்தச் சீர்திருத்தத்தின் எல்லைக்குள் அடங்கவில்லை. இவ்வாய்வு ஒரு தீமையையும் மறைக்காது சொன்னது: சீர்திருத்தத்தின் பின், புதிதாக ஆட்களை வரவழைப்பது குறைந்தது, புதிதாய் வந்தோரின் வருவாயும் தாழ்ந்தது.

மூன்றாவது, பிரிவதற்கு முன்னைய ஆந்திரப் பிரதேசத்தில் நிகழ்ந்தது. இந்திய நாடாளுமன்றம் 2005 இல் இயற்றிய சட்டத்தின்படி கிராமப்புறக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு நூறு நாள் வேலை உறுதிசெய்யப்பட்டது. அதன் சம்பளம் உரியவர் கைக்கு ஒழுங்காய்ச் சேரும் வண்ணம் ஆந்திரத்திற் சில மண்டலங்களிற் சீர்திருத்தம் செய்யப்பட்டது. எந்த மண்டலங்கள் என்பதைக் குலுக்கற் சீட்டுப் போலத் தெரிந்தெடுத்தனர். கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகியோர் அதனை ஆராய்ந்து 2023 இல் முடிவுகளை வெளியிட்டனர். பயன்பெற்ற குடும்பங்களின் வருவாய் 14 வீதம் உயர்ந்தது. அந்த உயர்வில் 86 வீதம் அரசாங்க வேலையினால் வரவில்லை. வெளியிலே தனியார் கொடுத்த சம்பளமும் வேலையும் கூடியதனால் வந்தது. மேலும், நிலம் சிலர் கையிற் குவிந்திருந்த ஊர்களிலேதான் வேலை அதிகமாகக் கூடியது. நிலம் குவிந்த இடத்திற் கொள்வோர் சிலரே ஆவர். வேறொரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவுடன், பழைய கதவின் காவலன் பணிந்து பேசினான் என்க.

மாத்தளைக்கு மீள்வோம்

மூன்று ஆராய்ச்சிகளும் மூன்று தேசங்களில் நிகழ்ந்தவை. அவற்றை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கூலியின் அளவை நிறுவுவது உழைப்பின் அருமை மட்டுமன்று. உழைப்பவன் விலகிச் செல்லக் கூடுமா என்பதும் ஆகும். இவ்வுண்மையை உரைகல்லாகக் கொண்டு நம் தோட்டங்களை நோக்குவோம்.

காகிதத் துண்டு 1921 இல் ஒழிந்தது. இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்ச வேதனக் கட்டளைச்சட்டம் 1927 இல் வந்தது. ஆனாற் போகும் வழி திறந்ததோ? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கியது. நாடற்றவனுக்கு அரசாங்க வேலை இல்லை. குடியேற்றத் திட்டத்திற் காணி இல்லை. தோட்டத்துக்கு வெளியே கதவுகள் அடைபட்டன. 1964 இல் எழுந்த சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை பல இலட்சம் பேரைக் கடல்கடந்து அனுப்ப ஏற்பாடு செய்தது. நாடற்ற நிலை தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. ஆணும் பெண்ணும் ஒரே நாட்சம்பளம் பெற்றதுகூட 1984 இலேதான்.

அண்மை ஆண்டுகளின் கணக்கை வாசகர் அறிவர். கூட்டு ஒப்பந்தத்தின்படி 2019 இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். 2021 மார்ச்சில் வேதனச் சபையின் முடிவினால் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆயிற்று. கூட்டு ஒப்பந்த முறையும் அத்தோடு முடிவுற்றது. 2024 செப்டெம்பரில் 1350 ரூபாய். 2025 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 2026 ஜனவரி முதல் 1550 ரூபாயும், வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் தரும் 200 ரூபாயும் சேர்த்து 1750 ரூபாய் என அறிவித்தது.

ஒவ்வோர் உயர்வும் போராடிப் பெற்றது. ஆயினும் சட்டம் நாட்சம்பளத்தை நிறுவும்போது ஏனையவை முதலாளியின் கையிலேயே உள்ளன. 1000 ரூபாய்ச் சம்பளம் வந்தபின், ஒரு பேருக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதென்றும், அந்நிறை சேராவிடில் அரைப்பேரே போடப்பட்டதென்றும், வேலை நாட்கள் குறைந்தனவென்றும் மலையகமெங்கும் முறைப்பாடுகள் எழுந்தன. ஒரு வாசலை அடைத்தால் மறு வாசலால் நுழைவது கொள்வோன் தனியுரிமையின் வழக்கம். ஆகவே சம்பளத்தின் தொகையோடு, நிறையும் நாளும் சேர்ந்தே பேசப்பட வேண்டும்.

கம்பனிகளின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதனை மறைத்தல் நடுநிலை ஆகாது. தேயிலையின் விலையைத் தோட்டம் நிறுவுவதில்லை; உலகச் சந்தை நிறுவுகிறது. உற்பத்திச் செலவிற் பெரும்பங்கு சம்பளம். மேலே சொன்ன கற்பனைக் கணக்கிலும் 105 ரூபாய்க்குப் பதிலாக 500 ரூபாய் என்று சட்டம் செய்தால் வேலை குறையத்தான் செய்யும். ஓர் எல்லை வரை உயர்த்தினால் நன்மை, அதற்கப்பால் தீங்கு. அந்த எல்லை யாது என்பதை மேடைப் பேச்சினாலோ அறிக்கைப் போரினாலோ அறிய இயலாது. நியூ ஜெர்சியிற் கடைகடையாய் வினவி எண்ணியது போல, எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் உக்குவளையிலும் தோட்டம் தோட்டமாய் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பணிக்குத் தோட்டத்திற் பிறந்து பல்கலைக்கழகம் சென்ற நம் பிள்ளைகளே தகுதியுடையோர். பேருக்கும் அரைப்பேருக்கும் உள்ள வேறுபாட்டை அவர்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சென்ற தைப்பொங்கலன்று அந்த மாணவி என் இல்லம் வந்தாள். பட்டம் பெற்று, கொழும்பில் ஓர் அலுவலகத்திற் பணிபுரிகிறாள். தம்பி புறக்கோட்டையில் ஒரு கடையில் இருக்கிறான். தாய் மட்டும் தோட்டத்தில். பொங்கலை உண்டுகொண்டே அவள் சொன்னாள்: “அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு வருகிறது, ஐயா. அதன்பிறகு இந்த வீட்டிலிருந்து வேலைக்கு யார் வருவார்கள் என்று இப்போதே கேட்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் அந்த லயத்தில் இருந்தோம். கையில் ஓர் எழுத்து இல்லை.” சிறிது பொறுத்து, “இதற்கும் துண்டு என்றுதானே பெயர்?” என்றாள்.

ஆம் என்றேன். வீடு முதலாளியினுடையதாய் இருக்குமளவும், வேலையை விடுபவன் கூரையையும் விடவேண்டும். கூரையை இழக்க அஞ்சுபவன் கூலியைப் பேசி வாங்க வல்லன் அல்லன். ஆகையால் ஏழு பேர்ச் காணியும் அதற்குரிய உறுதியும் கேட்பது வேறொரு கோரிக்கை, சம்பளம் கேட்பது வேறொரு கோரிக்கை என்று எண்ணுதல் பிழை. வீட்டுறுதி கையில் உள்ளவள் கொழுந்து பறிக்கவும் போகலாம், போகாமலும் இருக்கலாம். அவள் போகாமல் இருக்கக்கூடும் என்பதற்காகவே தோட்டம் அவளுக்கு நல்ல சம்பளம் தர முன்வரும். அதனாலே தோட்டம் அழியாது. ஐக்கிய அரபு இராச்சியத்திலே போக உரிமை பெற்றவர்தாம் மிகுதியாய் நின்றனர் என்பதை மறத்தல் ஆகாது.

அன்று நடந்து வந்தோரை மாத்தளை மாலையிட்டு வரவேற்றது. அவர்தம் கோரிக்கை நிறைவேறும்வரை அந்த நடை முடிந்ததென்று சொல்லுதற்கில்லை. காகிதத் துண்டைக் கிழிக்க ஒரு சட்டம் போதுமாயிற்று. கூரையின் வடிவில் எஞ்சியிருக்கும் துண்டைக் கிழிப்பதற்கு, அந்தத் தாயின் பெயரில் எழுதப்பட்ட ஓர் உறுதி வேண்டும். அவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளே உள்ளன.